ஐந்து போர்டு, ஒரே கையெழுத்து

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் கொங்கு நாட்டில் கணக்கு எழுதிப் பிழைத்தவர்களுக்கு அந்தக் கோப்புக் கட்டுகள் நன்றாக நினைவிருக்கும். ஐந்து கோப்புகளுக்கு ஐந்து பெயர். பெரும்பாலும் குலதெய்வத்தின் பெயர், இல்லாவிட்டால் முருகன் பெயர். உள்ளே பங்குப் பத்திரத்தைப் பிரித்தால் அதே ஆறேழு பேர்தான் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒன்று நிட்டிங், ஒன்று நூல் கடை, ஒன்று பைனான்ஸ், ஒன்று லாரி, இன்னொன்று இப்போதுதான் பூஜை போட்ட காம்பாக்டிங். ஒரே பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவும் கணக்குப்பிள்ளையாகவும் சூப்பர்வைசராகவும் வேலை பார்த்து ஒன்றாக வெளியே வந்தவர்கள் சிலர். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் சிலர். மச்சான் மாப்பிள்ளை முறைக்காரர்கள் சிலர். நானும் அந்தக் கோப்புகளோடு காலம் தள்ளியவன். இவற்றில் எது நின்றது, எது படுத்தது என்பது மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது தெரிந்துவிடும். ஏன் என்பது புரியத்தான் நாளானது. விழுந்தவனைப் பற்றி ஊர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: ஒரே நேரத்தில் பல தொழிலில் கைவைத்தான், அதனால் போனான். நான் பார்த்த கணக்குகள் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. எண்ணிக்கையால் கவிழ்ந்தவர்கள் குறைவு. ஐந்து தொழிலுக்கும் ஒரே பணப்பெட்டி இருந்ததும், ஐந்து கடனுக்கும் அதே ஆட்கள் பொறுப்பேற்றிருந்ததும்தான் பெரும்பாலோரைக் கவிழ்த்தன.

இத்தனை போர்டு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பேராசை என்பது சுலபமான பதில். ஆனால் பாதிக் காரணம் சட்டத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒரு கூட்டு நிறுவனத்தில் 20 பேருக்கு மேல் பங்குதாரர் இருக்க முடியாது என்று இருந்தது. பின்னலாடை சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1991 நிலவரப்படி இயந்திர முதலீடு 60 லட்சத்தைத் தாண்டினால் அது சிறுதொழில் ஆகாது. 1997இல் அந்த வரம்பை 3 கோடியாக்கி, இரண்டே ஆண்டில் 1 கோடிக்கு இறக்கினார்கள். சிறுதொழிலுக்கான கலால் விலக்கும் விற்பனை ஓர் அளவைத் தாண்டாதவரைதான். எனவே பல தொழில்களில், வளர்கிற கம்பெனி பெருக்காமல் பிரிந்தது. கலால் அதிகாரிகள் பிரிந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட, வழக்குகள் நடந்தன. பைனான்ஸ் கதை இன்னும் சுவையானது. கூட்டு நிறுவனங்கள் ஒரு பங்குதாரருக்கு 25 பேர், மொத்தம் 250 பேர் என்பதற்கு மேல் வெளியாரிடம் டெபாசிட் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 1984இல் ஒரு விதி வந்தது. கரூரிலும் நாமக்கல்லிலும் ஒரு பைனான்ஸ் நிரம்பியதும் அதே ஆட்கள் அடுத்த தெருவில் இன்னொரு பெயரில் தொடங்கியதில் வியக்க ஒன்றுமில்லை. 1997இல் அந்தக் கதவும் அடைபட்டது. அப்படியானால் இதெல்லாம் சட்டத்தின் விளைவு, சட்டம் மாறியதும் பழக்கம் போயிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். பின்னலாடைக்கான ஒதுக்கீடு 2000களின் நடுவில் விலகியது; 2006ஆம் ஆண்டுச் சட்டம் சிறுதொழில் வரம்பை 5 கோடிக்கு உயர்த்தியது; கூட்டு நிறுவனத்தில் இப்போது 50 பேர்வரை இருக்கலாம். பழக்கம் போகவில்லை. ஆகவே சட்டம் அதை வளர்த்ததே தவிர, வேர் வேறு எங்கோ இருக்கிறது.

வேர் வேலையின் அமைப்பிலேயே இருந்தது. ஒரு டி-ஷர்ட் திருப்பூரை விட்டுக் கிளம்புவதற்குள் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கை மாறுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை, தனி முதலாளி. ஐரோப்பிய ஆர்டர் சீசனில் வரும்போது எல்லாரும் ஒரே வாரத்தில் அதே சாயப்பட்டறை வாசலில் நிற்பார்கள். அப்போது காசு வைத்திருப்பவனுக்கு முன் உறவு வைத்திருப்பவனின் துணிதான் மெஷினில் ஏறும். நண்பனின் காம்பாக்டிங்கில் 15 சதவீதப் பங்கு வாங்கியவன் அதன் லாபத்தை நம்பி வாங்கவில்லை. சீசனில் தன் துணிக்கு இரண்டு ஷிப்டு கிடைக்கும் என்பதற்காக வாங்கினான். இப்படிப் பார்த்தால் அவன் நடத்தியது நான்கு தொழில் என்று சொல்வதே தவறு. ஒரே தொழிலின் நான்கு அறைகளில் அவனுக்கு ஒவ்வொரு சாவி இருந்தது. திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ‘ஃப்ரெட்டர்னல் கேபிடல்’ என்ற ஆய்வு நூல், விவசாயத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த கவுண்டர் தொழிலாளிகள் எப்படி இந்தக் கூட்டுகளின் வழியே முதலாளிகளாக ஏறினார்கள் என்று விரிவாகப் பேசுகிறது. அவர்களில் பலருக்குத் தனியாக ஒரு முழு ஃபேக்டரி போட வசதியில்லை. நாலு பேர் சேர்ந்து நாலு துண்டுகளாகப் போட்டார்கள்.

இனி, பல தொழில் கூடாது என்பவர்களின் ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் இருப்பது ஒரு கவனம். அதைப் பிய்த்துப் பத்துக்குப் போட்டால் எதுவும் உருப்படாது என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நகரத்தார் பர்மாவில் செய்ததை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. ஒரே முதலாளிக்கு வெவ்வேறு கூட்டாளிகளோடு வெவ்வேறு கடைகளில் பங்கு இருப்பது அங்கே சாதாரணம். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடைக்கு ஓர் ஏஜெண்டு, பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு, பேசிய சம்பளம், லாபத்தில் ஒரு பங்கு, கெடு முடிந்ததும் கணக்கு ஒப்படைப்பு. கடைக்குக் கடை தனிப் பேரேடு. ஒரு கடை இன்னொரு கடைக்குக் கொடுத்தால் தேதியோடு வட்டி ஏறும். கவனம் சிதறாததற்குக் காரணம் முதலாளியின் மேதாவித்தனம் இல்லை. ஒவ்வொரு கடையிலும் அதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு எழுதப்பட்ட வருமானமும் இருந்தது. நம் ஊர்க் கூட்டுகளில் தேறியவற்றிலும் இதையே பார்த்தேன். நிட்டிங்கை நிட்டிங் தெரிந்தவன் பார்த்தான், மற்றவர்கள் மாதம் ஒருமுறை கணக்குக் கேட்டார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்த இடங்களில் எதையும் யாரும் பார்க்கவில்லை.

கூட்டுத் தொழிலின் பெரிய அநியாயம் நடப்பதும் இந்த ‘ஒர்க்கிங் பார்ட்னர்’ விஷயத்தில்தான். நண்பர்கள் பத்திரத்தில் விவரம் எழுதமாட்டார்கள். நமக்குள்ளே எதற்கு என்பார்கள். விவரம் எழுதாதபோது 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் தன் விதியை வைத்துக்கொள்கிறது. அதன் 13ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழிலை நடத்துகிற பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது. லாபம் எல்லாருக்கும் சமம். முதலுக்கு மேல் ஒருவர் போட்ட பணத்துக்கு 6 சதவீத வட்டி உண்டு. அதாவது ராப்பகலாக மெஷினோடு கிடந்தவனின் உழைப்புக்குச் சட்டம் தானாக ஒன்றும் தராது, முதலுக்கு மேல் பணம் போட்டுவிட்டு வீட்டில் இருந்தவனுக்கு வட்டி தரும். முதல் வருஷம் இது உறைக்காது. மூன்றாம் வருஷம் நிட்டிங்காரனின் மனைவி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதிலில்லாமல் உடைந்த கூட்டுகள், நஷ்டத்தால் உடைந்தவற்றைவிட அதிகம் என்பது என் கணிப்பு. லாபம் வந்த கம்பெனிகள்தான் முதலில் பிரிந்தன என்பதைக் கவனித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. நஷ்டத்தில் இருப்பவர்கள் பிரியக்கூட வழியில்லாமல் சேர்ந்தே இருந்தார்கள்.

யாரோடு சேர்வது என்பதிலும் ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். நண்பன் வேறு, கூட வேலை பார்த்தவன் வேறு. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். அமெரிக்காவில் புதுத் தொழில் தொடங்கியவர்கள் ஏறத்தாழ 10,000 பேரைப் பற்றிய தகவல்களை வைத்து நோம் வாஸர்மன் 2012இல் ஒரு நூல் எழுதினார். தொடங்கியவர்களுக்குள் முன்பே இருந்த ஒவ்வொரு நட்புக்கும், அவர்களில் ஒருவர் விலகும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது என்பது அவர் கண்டது. முன்பு ஒன்றாக வேலை பார்த்தவர்களின் கூட்டுகளே அதிகம் நிலைத்தன. சிலிக்கான் வேலிக் கதை நமக்கு எதற்கு என்று தள்ளிவிட மனம் வரவில்லை, ஏனென்றால் காரணம் இங்கேயும் அதேதான். ஒரே கம்பெனியில் பத்து வருஷம் இருந்தவனுக்கு மற்றவன் ஏற்றுமதி கெடுவுக்கு முந்தின இரவு எப்படி நடந்துகொள்வான் என்று தெரியும். அவன் எழுதும் கணக்கு சரியாக இருக்குமா என்று தெரியும். நண்பனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவன் நல்லவன் என்பது. நல்லவனிடம் கணக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பல தொழில்களில் ஒரே நண்பர்கள் சேரும்போது இந்தக் கூச்சமும் பெருகுகிறது: லாரிக் கணக்கைக் கேட்டால் நூல் கடையில் முகம் மாறும்.

இனி இதற்கு எதிர்ப்பக்க வாதம். பல தொழில் வைத்தால் ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும் என்பது. தொழில் தொடங்குகிறவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது; நான் இதை அறவே ஏற்கவில்லை. தண்ணீரை வைத்தே சொல்லலாம். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பதற்கு எதிராக விவசாயிகள் நடத்திய வழக்கில், கழிவுநீரை வெளியேவிடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற உத்தரவை நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுமார் 700 பட்டறைகள். மூடியது சாயப்பட்டறையை மட்டும்தான். ஆனால் நிட்டிங்கில் பின்னிய துணி சாயம் ஏற இடமில்லாமல் தேங்கியது, காம்பாக்டிங் நின்றது, பவர் டேபிள்கள் சும்மா கிடந்தன, ஆட்கள் ஊருக்குப் போனார்கள். நான்கு துண்டுகளிலும் பங்கு வைத்திருந்தவன் நான்கிலும் ஒன்றாக அடிபட்டான். சங்கிலியின் கண்ணிகளை வாங்கிச் சேர்த்தவனுக்கு வேலையில் ஒழுங்கு கிடைக்குமே தவிர, ஆபத்திலிருந்து பாதுகாப்புக் கிடைக்காது. விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். சரி, சம்பந்தமில்லாத தொழில்களாகப் பார்த்து, பனியனோடு ஒரு பேக்கரியும் ஒரு லாரியும் வைத்தால்? அப்போதும் தப்ப முடியாது. கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு ஒவ்வொரு பங்குதாரரையும் நிறுவனத்தின் எல்லாக் கடனுக்கும் சேர்த்தும் தனித்தும் பொறுப்பாக்குகிறது. பேக்கரியில் 10 சதவீதம் வைத்தவனின் தோட்டமும் பேக்கரிக் கடனுக்கு முழுசாக மாட்டும். அதே தோட்டம்தான் மற்ற நான்குக்கும் பின்னால் நிற்கிறது. 2008இல் வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவனத்துக்கான சட்டம் வந்து இதற்கு ஒரு விடை தந்ததுபோல் தெரிந்தது. வங்கி அவ்வளவு அப்பாவியில்லை. எல்லாப் பங்குதாரரிடமும் தனிப்பட்ட ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டது. ஜாமீன் நின்றவனின் பொறுப்பு கடன் வாங்கியவனின் பொறுப்புக்குச் சமம் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. காகிதத்தில் சுவர் எழும்பியது, கதவைத் திறந்தே வைத்தார்கள்.

பணத்தை ரோல் பண்ணுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். சனிக்கிழமை சம்பளம் போட நிட்டிங்கில் காசு குறைகிறது, பைனான்சிலிருந்து எடுக்கிறார்கள். திங்கட்கிழமை பைனான்சுக்கு டெபாசிட்காரர் வருகிறார். நூல் கடை வசூலிலிருந்து கொடுக்கிறார்கள். நூல் கடைக்கு மில்லுக்கு அனுப்ப வேண்டிய பணம் துண்டு விழுகிறது. லாரிக்குப் புது டயர் வாங்க வைத்திருந்தது போகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான உதவி. யாரும் திருடவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து ஐந்து புத்தகங்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்தத் தொழில் சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று சொல்ல முடியாது. கைமாற்று என்ற ஒரு தலைப்பு எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். வருமான வரிச் சட்டம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கத் தடை விதித்து, மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் என்று மிரட்டியது. அதனால் எழுத வேண்டியதும் எழுதாமல் போயிற்று. சொந்தமாக ஒரு கம்பெனி மட்டும் வைத்திருப்பவன் நஷ்டத்தை மூன்று மாதத்தில் உணர்வான், ஏனென்றால் கை வறண்டுவிடும். ஐந்து வைத்திருப்பவனுக்குக் கை வறள இரண்டு வருஷம் ஆகும். அந்த இரண்டு வருஷமும் நஷ்டத்தொழில் நல்லதொழிலின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 1990களில் தமிழ்நாட்டில் பைனான்ஸ்கள் வரிசையாகச் சரிந்து, 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரும் நிலை வந்தபோது, ஏமாற்றுக்காரர்கள் என்று பிடிபட்டவர்களில் அப்பட்டமான மோசடிக்காரர்கள் பலர். சொந்தக் கம்பெனிகளுக்கே கடன் கொடுத்துக் கொடுத்து மூழ்கியவர்களும் இருந்தார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு அந்த வித்தியாசத்தால் ஒரு பயனும் இல்லை.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். இப்படி ரோல் பண்ணியிராவிட்டால் திருப்பூரே இல்லை என்பார்கள். வங்கி சொத்துப் பத்திரம் கேட்கும். சீசன் இல்லாத மாதங்களில் வாடகையும் கரண்ட் பில்லும் நிற்காது. நண்பனின் பணப்பெட்டி ஒன்றுதான் கேள்வி கேட்காத வங்கி. உண்மை. ஆனால் கேள்வி கேட்காததுதான் அதன் விலையும். அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களைப் பற்றிச் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. உள்ளூர்க் கவுண்டர் கம்பெனிகள் வெளியூர்க்காரர்களைவிட அதிக முதலோடு தொடங்கின, எல்லாக் கட்டத்திலும் அதிக முதல் வைத்திருந்தன. ஆனால் வெளியூர்க்காரர்களின் உற்பத்தி வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் முந்தியது. உறவுக்குள் சுற்றிய பணம் திறமை இருந்த இடத்தைத் தேடிப் போகவில்லை, தெரிந்தவன் இருந்த இடத்திலேயே தங்கியது என்பதே இதன் பொருள். இதன் மறுபக்கம் இன்னும் கசப்பானது. நண்பர்கள் சேர்ந்து தொழில் தொடங்கினார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, அந்த நண்பர்கள் ஏறக்குறைய ஒரே சாதி, எல்லாரும் ஆண்கள் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். அதே மெஷின்களில் இருபது வருஷம் உழைத்த தலித் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் அந்தப் பங்குப் பத்திரங்களில் இடம் கிடைத்ததை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

கைமாற்றே கூடாது என்று சொல்வது வறட்டு உபதேசம். கொடுத்ததை எழுது, வட்டி போடு, கெடு வை என்பது மட்டும் போதும். இதைச் செய்த சில குழுக்களைப் பார்த்திருக்கிறேன், நட்பும் கெடவில்லை. வேடிக்கை என்னவென்றால், நண்பர்கள் செய்ய மறுத்ததில் பாதியை 2017இல் ஜி.எஸ்.டி. கட்டாயமாகச் செய்துவிட்டது. ஒரே குழுவின் நிட்டிங்கிலிருந்து காம்பாக்டிங்குக்குப் போகும் துணிக்கும் இப்போது சலான் வேண்டும், கூலிக்குப் பில் வேண்டும், வரி கட்ட வேண்டும். எந்தப் பட்டறை எவ்வளவு வேலை செய்தது என்பது முதன்முறையாக எல்லாருக்கும் தெரிந்தது, சிலருக்கு அது தர்மசங்கடமாகவும் இருந்தது. துணிக்குத்தான் சலான். பணம் இன்னும் பழைய வழியிலேயே நடமாடுகிறது.

இந்தக் கூட்டுகளைத் தொடங்கியவர்கள் இப்போது எழுபதைத் தொட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும் என்கிறது 42ஆவது பிரிவு. எழுதியிருந்தால் மகன் வருகிறான். அப்பாக்கள் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்கள்; பிள்ளைகள் அப்படியில்லை. கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படித்த ஒருவனும் லாரியோடு வளர்ந்த ஒருவனும் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் ஒருத்தியும் ஒரு காம்பாக்டிங் மெஷினின் சொந்தக்காரர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்குத் தீர்க்காமல் விலகியவருக்கோ இறந்தவரின் வாரிசுக்கோ, மற்றவர்கள் அந்தச் சொத்தை வைத்துத் தொழிலைத் தொடர்ந்து நடத்தினால், அதற்கான லாபப் பங்கோ 6 சதவீத வட்டியோ கேட்க உரிமை உண்டு. ஆனால் ஐந்து கம்பெனிக்கும் இடையே ஓடிய எழுதாத கைமாற்றுகளில் அவரவர் பங்கு எது என்று யாருக்குத் தெரியும்? பதிவு செய்யாத கூட்டாக இருந்தால், 69ஆவது பிரிவுப்படி கலைத்துக் கணக்குத் தீர்க்கச் சொல்லி வழக்குப் போடலாமே தவிர, ஓடுகிற கம்பெனியில் என் உரிமையைக் கொடு என்று போட முடியாது. ஆகவே பங்கு கேட்கும் ஒரு பிள்ளைக்காக நன்றாக ஓடும் தொழில் இழுத்து மூடப்படுகிறது. அண்மைக் காலத்தில் திருப்பூர்ப் பக்கம் ஆடிட்டர் அலுவலகங்களில் பங்குப் பத்திரங்களைத் திருத்தி எழுதும் வேலை கூடியிருக்கிறது. விலகும் விதி, மதிப்பிடும் முறை, ஒவ்வொரு கம்பெனிக்கும் யார் பொறுப்பு, கைமாற்றுக்கு என்ன வட்டி என்று நாலு பக்கம் கூடுதலாக டைப் ஆகிறது. திருத்தச் சொல்லி வருகிறவர்களில் பலர் பெரியவர்கள்தான்; பிள்ளைகள் கேட்டு வருவது இன்னும் குறைவு.